கருப்புசாமி என்றால் என்ன அர்த்தம்?

2006 ஜூலையில், பிள்ளைகளுக்கு வைக்கத் தகாத பெயர்கள் என்று மலேசியத் தேசியப் பதிவுத் துறை ஒரு பட்டியல் வெளியிட்டது. விலங்கு, பூச்சி, பழம், காய்கறி, நிறம் ஆகியவற்றின் பெயர்கள் கூடாது. எண்கள் கூடாது. ஜப்பானியக் கார்களின் பெயர்கள் கூடாது. ஹொக்கியனில் பாம்பு, கூனன் என்று பொருள்படும் பெயர்களும், கண்டனீஸில் ‘நாறும் தலை’ என்று பொருள்படும் பெயரும் அதில் இருந்தன. வெளிநாட்டுப் பத்திரிகைகள் இதை வேடிக்கைச் செய்தியாகப் போட்டுச் சிரித்தன. தமிழுக்கென்று அதில் காட்டப்பட்ட பெயர் கருப்புசாமி. பக்கத்திலேயே பொருளும் இருந்தது: கறுப்புக் கடவுள்.

மொழிபெயர்ப்பில் பிழை இல்லை. சொல்லுக்குச் சொல் சரி. ஆனாலும் எங்கோ பெரிய பிழை நடந்திருக்கிறது என்பது தோட்டத்தில் பிறந்த எந்தத் தமிழருக்கும் உடனே தெரியும். கருப்பன் எல்லையில் நிற்பவன். கப்பலேறி வந்தவர்கள் மூட்டையில் கொண்டுவந்த சாமிகளில் ஒருவன். பால்மரக் காட்டின் ஓரத்தில் ஒரு கல்லும் ஒரு அரிவாளுமாக நட்டுவைக்கப்பட்டவன். ராத்திரியில் தனியாக நடக்கிற பிள்ளைக்குத் துணை வருகிறவன். அவன் பெயரைப் பிள்ளைக்கு வைத்தவர் அந்தத் துணையைத்தான் பெயராக்கி வைத்தார். அகராதியில் அது வராது.

இன்னொன்றும் உண்டு. வடமொழியில் ‘கிருஷ்ண’ என்ற சொல்லுக்குப் பொருள் கறுப்பு. சியாமன் என்றாலும் கருநிறத்தவன்தான். நம்முடைய மாயோனும் அதுவே. கிருஷ்ணன் என்ற பெயரைக் கண்டு எந்த எழுத்தரும் பேனாவைக் கீழே வைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. இரண்டு பெயர்கள், ஒரே பொருள். ஒன்று நாடாளும் குடும்பங்களில்கூட இருக்கும், இன்னொன்று பிள்ளைக்குக் கேடு என்று பட்டியலில் ஏறும். அப்படியானால் பெயருக்கு ‘நல்ல அர்த்தம்’ என்று நாம் சொல்வது உண்மையில் எதை?

இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வருவதற்குக் காரணம் உண்டு. பத்து பாகாட் மாதிரி ஒரு சின்ன ஊரில், தமிழ்ப் புத்தகம் வாசிக்கிறவன் என்று பெயரெடுத்துவிட்டால், பிள்ளை பிறக்கிற வீட்டிலிருந்தெல்லாம் குரல்பதிவு வரும். “அண்ணே, பையன் பொறந்திருக்கான். ‘லோ’வுல ஆரம்பிக்கணும், அர்த்தம் நல்லா இருக்கணும், ஸ்கூல்ல கூப்பிட ஈஸியா இருக்கணும். பத்து பேரு அனுப்புங்க அண்ணே.” எழுத்து, அர்த்தம், வசதி. இந்த மூன்றுக்கும் நடுவில் பிள்ளையைக் காணோம் என்று சொல்லத் தோன்றும். சொல்வதில்லை. அவர்களுடைய கவலை உண்மையானது. பிள்ளையைக் கேட்காமல் பிள்ளைக்குச் செய்யும் முதல் காரியம் அது. தீபகற்ப மலேசியாவில் 60 நாளைக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். அதற்குள் ஒரு ஆயுளுக்கான சொல்லை முடிவு செய்தாக வேண்டும்.

*

முதலில் எழுத்தைப் பார்ப்போம்.

நட்சத்திரத்துக்கு நான்கு பாதம், பாதத்துக்கு ஒரு எழுத்து. அசுவினிக்குச் சு, சே, சோ, ல. ரோகிணிக்கு ஓ, வ, வி, வு. இந்த அட்டவணைக்கு அவகஹடா சக்கரம் என்று பெயர். எழுத்துகள் ஏதோ தெய்வ ரகசியமாகத் தூவப்பட்டிருப்பதாகத் தோன்றும். கார்த்திகையிலிருந்து வரிசையாகப் படித்துப் பாருங்கள், மர்மம் கலைந்துவிடும். அ, இ, உ, எ, ஒ. பிறகு வ, வி, வு, வே, வோ. பிறகு க, கி, கு, கே, கோ. இருபது எழுத்து வரிசைகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து உயிரொலி, ஆக 100. பழைய கணக்கில் அபிஜித்தையும் சேர்த்து நட்சத்திரம் 28. நான்கு பாதத்தால் பெருக்கினால் 112. பன்னிரண்டு குறைகிறது. அதை நிரப்ப நான்கு இடங்களில் மூன்று மூன்று எழுத்தைச் செருகியிருக்கிறார்கள்: திருவாதிரை, அஸ்தம், பூராடம், உத்திரட்டாதி. கணக்கு முடிந்தது. அழகான அட்டவணைதான். ஆனால் அது ஒரு அட்டவணை.

அப்படிச் செருகிய எழுத்துகளில் ஒன்று திருவாதிரைக்கு வரும் ங. தமிழில் ங-வில் தொடங்கும் பெயர் கிடையாது. தொல்காப்பியம் அந்த எழுத்தைச் சொல்லுக்கு முதலில் நிற்கவே விடுவதில்லை. ஆத்திசூடி எழுதிய ஔவையார்கூட ங-வுக்கு வந்ததும் சொல் கிடைக்காமல் அந்த எழுத்தின் வடிவத்தையே உவமையாக்கித் தப்பித்தார். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பிள்ளை அந்தப் பாதத்தில் பிறந்தது.

“ஜோசியர் என்னம்மா சொன்னாரு?”

“அதுல பேரு கெடைக்காதாம்ண்ணே. கு இல்லாட்டி க வச்சுக்கலாம்னாரு.”

“அப்ப மாத்திக்கலாமா?”

“மாத்திக்கலாமாம். ஆனா லெட்டர் முக்கியம்னாரு.”

இதில் யாரையும் கேலி செய்ய ஒன்றுமில்லை. வேறொரு மொழியின் ஒலிகளுக்காகப் போட்ட அட்டவணை, நம் எழுத்துக்கு வரும்போது இப்படித்தான் நெளியும். தமிழில் நான்கு ககரமும் ஒரே எழுத்து. குமரன் என்று வைத்தால் அந்தக் கு திருவாதிரைக்கும் பொருந்தும், அவிட்டத்துக்கும் பொருந்தும், சில பஞ்சாங்கங்களின்படி திருவோணத்துக்கும் பொருந்தும். பரணிக்கு வரும் ‘லோ’வில் லோகநாதன் என்று வைத்து, தமிழ் வாத்தியார் இலக்கணப்படி உலோகநாதன் என்று திருத்தி எழுதினால், பிள்ளை கார்த்திகைக்குக் குடிபெயர்ந்துவிடுவான். அப்புறம் ரூமி எழுத்து இருக்கிறது. இளமாறன் என்ற பெயரை ‘ஐ’ போட்டும் எழுதலாம், ‘ஈ’ போட்டும் எழுதலாம். பிறப்புப் பத்திரத்தில் பதிவது ரூமி எழுத்துதான். பள்ளிப் பதிவேட்டிலும் அதுதான். நட்சத்திரம் எந்த முதலெழுத்தைப் பார்க்கிறது?

கடவுள்களே இந்த விதியைப் பின்பற்றவில்லை. ராமன் பிறந்தது புனர்பூசம். அதற்குரிய எழுத்துகள் கே, கோ, ஹ, ஹி. கிருஷ்ணன் ரோகிணி, அங்கே கி இல்லை. முருகனுக்கு விசாகம், அங்கே மு இல்லை. தஞ்சையில் ஆண்டுதோறும் சதய விழா எடுக்கிறோமே, அந்த ராஜராஜனின் இயற்பெயர் அருள்மொழி. சதயத்தில் அகரம் கிடையாது. பழைய கிருஹ்ய சூத்திரங்களில் இதற்கு விளக்கம் இருக்கிறது. தாய் தந்தைக்கு மட்டும் தெரிந்த ரகசியப் பெயர் வேறு, ஊர் கூப்பிடும் பெயர் வேறு என்று அவை வைத்திருந்தன. நட்சத்திரம் சார்ந்த பெயர் சடங்குக்கு உரியது. வகுப்பில் வருகைப் பதிவு எடுப்பதற்கு அல்ல. இன்று இரண்டையும் ஒன்றாக்கி, ரகசியத்தைச் சுமக்க வேண்டிய எழுத்தை அடையாள அட்டையில் அச்சிடுகிறோம்.

இவ்வளவு சொன்னபிறகும் எழுத்தை நான் முழுக்க ஒதுக்க மாட்டேன். உலகத்தில் உள்ள அத்தனை சொற்களிலிருந்தும் ஒன்றை எடு என்றால் யாராலும் எடுக்க முடியாது. ஒரு வேலி வேண்டும். எழுத்து ஒரு வேலி. பிள்ளையின் பெயர் முழுக்க என் இஷ்டம் அல்ல, எனக்கு அப்பால் உள்ள ஒன்றுக்கும் அதில் பங்கு உண்டு என்ற அடக்கமும் அதில் இருக்கிறது. அந்த அடக்கத்தை மதிக்கிறேன். வேலியைக் கடவுளாக்கும்போதுதான் சிக்கல்.

*

இனி அர்த்தம்.

நன்னூல் பெயர்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் பிரிக்கும். பறப்பதால் பறவை, அது காரணப்பெயர். பனை ஏன் பனை என்று கேட்டால் பதில் இல்லை, இட்டார்கள், நின்றுவிட்டது. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த இந்தப் பாகுபாட்டை ஒரு பிறந்த குழந்தையின் முன் வைத்துப் பாருங்கள். மூன்று கிலோ எடையுள்ள அந்த உயிருக்கு ‘வெற்றிவேந்தன்’ என்று பெயர் வைக்க என்ன காரணம்? அது இன்னும் எதையும் வெல்லவில்லை. பால் குடிக்கவே கஷ்டப்படுகிறது. குழந்தைப் பெயர் எல்லாமே இடுகுறிதான். நாம்தான் அதைக் காரணப்பெயர் மாதிரி நடத்துகிறோம், காரணத்தைப் பின்னால் வந்து நிரப்பச் சொல்லிப் பிள்ளையிடம் விட்டுவிடுகிறோம்.

1843இல் ஜான் ஸ்டூவர்ட் மில் இதையே வேறுவிதமாகச் சொன்னார். டார்ட் ஆற்றின் முகத்துவாரத்தில் இருப்பதால் ஒரு ஊருக்கு டார்ட்மவுத் என்று பெயர். நாளை ஆறு வேறு பக்கம் திரும்பினாலும் ஊரின் பெயர் அதேதான். பெயர் ஆளைச் சுட்டும், ஆளை வருணிக்காது என்பது அவர் வாதம். எங்கள் ஊரை வைத்தே இதைச் சரிபார்க்கலாம். மலாயில் ‘பாத்து’ என்றால் கல், ‘பாஹாட்’ என்றால் உளி. உளி கொண்டு செதுக்கிய கல். மின்யாக் பெக்குவில் கல்லைக் குடைந்த ஒரு கிணறு உண்டு. சயாமியப் படைவீரர்கள் குடைந்தது என்று கதை. நகரத்தின் இன்னொரு பெயர் பண்டார் பெங்காராம், உப்பு எடுப்பவர்களின் பட்டணம். ஜாலான் ரஹ்மாட்டில் நடக்கிற யாரும் உளியையும் நினைப்பதில்லை, உப்பையும் நினைப்பதில்லை. தமிழ்ப் பிள்ளைகளுக்கோ ‘பத்து’ என்றால் எண். தலைநகருக்குப் பக்கத்தில் உள்ள பத்துமலை மலாய்க் கல்லிலிருந்து வந்த பெயர்தான். நம்மவர்களோ தமிழகத்து ஆறு படைவீட்டோடு இங்குள்ள நான்கைக் கூட்டி, முருகனின் பத்தாவது மலை என்று கணக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். பெயர் முதலில் வந்துவிடுகிறது. பொருளை மக்கள் தங்கள் தேவைக்கேற்பச் செய்துகொள்கிறார்கள்.

பெயரும் பொருளும் ஒன்றே என்றால், வேதாசலம் ஏன் மறைமலை ஆனார்? வேதம்தான் மறை, அசலம்தான் மலை. பொருளில் ஒரு அணுவும் மாறவில்லை. மாறியது எந்த மொழியின் வாயால் நான் அழைக்கப்பட வேண்டும் என்ற முடிவு. நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனதும், ராமையா அன்பழகன் ஆனதும் அதே வகை. ஒரு தலைமுறை தன் பெயரைத் தானே திரும்ப வைத்துக்கொண்டது. பெற்றோர் இட்டதை மாற்ற முடியும் என்று காட்டியது.

அப்படியானால் பொருள் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது, ஆனால் சொல்லில் இல்லை. குப்புசாமியை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பிறந்த பிள்ளைகள் தங்காமல் போன வீட்டில், அடுத்த பிள்ளையைக் குப்பையில் கிடத்தி எடுத்துக் குப்பன் என்று பேர் வைப்பார்கள். தவிட்டுக்கு விற்று வாங்குவார்கள், பிச்சை என்று கூப்பிடுவார்கள். இது யாருக்கும் வேண்டாத பொருள், எமனே, நீயும் விட்டுவிடு என்று ஏமாற்றுகிற தந்திரம். அகராதியில் இதைவிட மோசமான சொல் இல்லை. பெற்றவள் வாயில் இதைவிடப் பயந்த, இதைவிடப் பிரியமான சொல்லும் இல்லை.

இதோடு நிறுத்திக்கொண்டால் நன்றாக இருக்கும். ஆனால் மறுபக்கம் உண்டு. மனுஸ்மிருதியின் இரண்டாம் அத்தியாயம் யாருக்கு எப்படிப் பெயர் வைக்க வேண்டும் என்று வகுக்கிறது. பிராமணனுக்கு மங்கலம், சத்திரியனுக்கு வலிமை, வைசியனுக்குச் செல்வம், சூத்திரனுக்கு இழிவு தோன்றும் பெயர். நம் கிராமங்களில் நல்ல பெயர் வைத்த பிள்ளையைக்கூட ஆண்டையின் வாய் அறுத்துச் சுருக்கித்தான் கூப்பிட்டது. ஆகவே, குப்பன் என்ற ஒரே சொல் ஒரு வீட்டில் தாயின் காப்பு, இன்னொரு இடத்தில் ஆண்டையின் எச்சில். எழுத்து அதே, அர்த்தம் அதே. யார் யாருக்கு எதற்காக இட்டார்கள் என்பதில்தான் வித்தியாசம் முழுவதும்.

இதிலிருந்து எனக்குக் கிடைக்கும் முடிவு இதுதான். பெயரின் நன்மை தீமை, வைக்கும் செயலில் இருக்கிறது. 1970இல் பிரின்ஸ்டனில் ஆற்றிய உரைகளில் சால் கிரிப்கி என்ற தத்துவவாதி, ஒரு பெயர் முதலில் ஒருவருக்கு இடப்படுகிறது, பிறகு வாய்க்கு வாய் கைமாறி வருகிறது, அந்தச் சங்கிலிதான் பெயரை அந்த ஆளோடு கட்டுகிறது என்று வாதிட்டார். நமக்கு இது புதிதல்ல. பேரன் என்ற சொல்லே பெயரன், தாத்தாவின் பெயரைத் தாங்கியவன். அந்தப் பெயர் புருஷன் பெயராக இருப்பதால் பாட்டி வாயெடுத்துச் சொல்ல மாட்டாள். “ஐயா, இங்க வாய்யா” என்பாள். சொல்லாமல் விடுவதாலேயே ஒரு பெயர் எவ்வளவு கனம் பெற முடியும் என்பதற்கு அந்த ‘ஐயா’ சாட்சி.

*

பதிவுத் துறைக்கு ஒரு நியாயம் உண்டு. அதை மறைக்கக் கூடாது. பெற்றவர்களின் விளையாட்டுக்குப் பிள்ளை பலியாகக் கூடாது. பாம்பு என்று பெயர் கொண்டவன் பள்ளியில் படும் பாடு அந்தப் பிள்ளைக்குத்தான் தெரியும். பெயரைப் பெற்றவர் சொல்வது கொஞ்சம், மற்றவர் சொல்வதே அதிகம். ஆகையால் மற்றவர் வாய் எப்படிக் கோணும் என்று யோசிப்பதில் தப்பில்லை. இந்த நாட்டில் ஒரு தமிழ்ப் பெயர் மலாய் ஆசிரியர், சீன முதலாளி, தமிழ்ப் பாட்டி என்று மூன்று வாயில் வாழ வேண்டும்.

ஆனால் சிரிப்பு எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கருப்பு என்ற சொல்லைக் கேட்டுச் சிரிக்கும் வகுப்பறையில் குறை பெயரிலா, சிரிப்பிலா? நிறப் பெயர் கூடாது என்ற விதியை எழுத்துக்கு எழுத்துப் பிடித்தால் பச்சையப்பனும் வெள்ளையனும் நீலமேகமும் நிற்க முடியாது. விலங்கு கூடாது என்றால் நாகராஜன் போவான். பழம் கூடாது என்றால் பழனியப்பனுக்கே விளக்கம் எழுத வேண்டிவரும். காட்டையும் மாட்டையும் மழையையும் பெயராக வைத்துக்கொண்ட ஒரு சமூகத்திடம், பெயர் என்றால் நற்குணமாகத்தான் இருக்க வேண்டும் என்று சொல்வது வேறு ஒருவரின் அளவுகோலைக் கொடுப்பது. வெட்கத்துக்கு முத்திரை குத்துவது அரசின் வேலை அல்ல.

அதே சமயம், பண்பாட்டைக் காப்பாற்ற உன் மகனுக்குக் கருப்புசாமி என்று வை என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். பிள்ளை அருங்காட்சியகம் அல்ல. நம் கொள்கைக்கு அவன் பலகையும் அல்ல. 1953 மார்ச் 1ஆம் தேதி சென்னையில் பிறந்த ஒரு குழந்தைக்கு, அதே வாரம் மாஸ்கோவில் இறந்த ஒருவரின் பெயர் வைக்கப்பட்டது. எஃகு மனிதன் என்று பொருள். அந்தப் பெயரை இன்று தமிழ்நாட்டில் சொன்னால் யாரும் மாஸ்கோவை நினைப்பதில்லை. பெற்றவர் ஏற்றிவைத்த பாரத்தை, வைத்தவரே எதிர்பாராத வகையில், பிள்ளையின் வாழ்க்கை இறக்கிவைத்துவிடுகிறது. எல்லாப் பிள்ளைக்கும் அது வாய்க்கும் என்று சொல்ல முடியாது. ‘அறிவரசன்’ என்ற பெயரோடு கணக்கில் தோற்கும் பையனிடம் அந்தப் பெயர் ஒவ்வொரு தேர்விலும் ஒரு முறை குத்தும். நல்ல அர்த்தமும் கடனாகலாம்.

ஆகவே, எழுத்தும் அர்த்தமும் கேட்டு வருகிறவர்களிடம் இப்போதெல்லாம் ஒரு கேள்வி கேட்கிறேன். “பையனுக்குப் பத்து வயசாகி, எனக்கு ஏன் இந்தப் பேரு வச்சீங்கன்னு கேட்டா, என்ன சொல்வீங்க?” ஜோசியர் கொடுத்த எழுத்து, ஃபோன்ல வந்த பேரு, அர்த்தம் ‘சிவன்’னு போட்டிருந்துச்சு என்பதும் ஒரு பதில்தான். ஆனால் அதைப் பத்து வயதுப் பிள்ளையிடம் சொல்லும்போது நமக்கே போதாது என்று தெரியும். “உன் பாட்டனுக்குப் பாட்டன் யோங் பெங் பக்கம் பால் மரம் வெட்டினாரு. அவரு பேருல பாதிய உனக்கு வச்சோம், மீதிய வைக்கல, ஏன்னா அந்தப் பேரச் சொல்லி அவரத் திட்டுனாங்க” என்று ஒருவர் சொல்ல முடிந்தால், அந்தப் பிள்ளைக்குப் பெயரோடு ஒரு மனிதரும் கிடைக்கிறார். வைத்ததற்கும் காரணம் இருக்கிறது, விட்டதற்கும் காரணம் இருக்கிறது. நன்னூலாரின் காரணம் இது இல்லைதான். ஆனால் ஒரு இடுகுறி, நியாயமாகத் தேடிக்கொள்ளக்கூடிய காரணம் இவ்வளவுதான் என்று நினைக்கிறேன்.

நம் பெயர்ப் பட்டியல்களில் முனியாண்டிகளும் சின்னப்பன்களும் கருப்பையாக்களும் வேகமாகக் குறைந்து வருகிறார்கள். இனிமேல் கல்லறையிலும் அடையாள அட்டையின் தந்தை பெயரிலும்தான் அவர்களைப் பார்ப்போம். அது நம் விருப்பத்தால் நடந்தால் வருத்தமில்லை, பெயர்களும் மாறத்தான் செய்யும். வெட்கத்தால் நடந்தால், நாம் கைவிடுவது ஒரு சொல்லை மட்டும் அல்ல. எல்லையில் நின்று நம் பிள்ளைகளுக்குக் காவல் இருந்தவனை, அவன் நிறத்தைச் சொல்லி அனுப்பிவைக்கிறோம்.